வேன்ல ஒரு ஃபேன், ஒரு லைட், ஒரு சார்ஜர்: 3,000 ரூபாய் வேலைக்குப் பின்னால் நிற்கும் 3 லட்சம்

நம்ம சேனல்ல வழக்கமா எஸ்.ஐ.பி., டேர்ம் இன்சூரன்ஸ், எமர்ஜென்சி ஃபண்டுன்னுதான் பேசுவோம். இன்னைக்கு வயர், பியூஸ், ரிலே. பணத்தைப் பற்றிப் பேசுற இடத்துல எலக்ட்ரீஷியன் வேலை எதுக்குன்னு கேட்டா, கொஞ்சம் பொறுங்க. இந்தக் கணக்கு கடைசியில உங்க சம்பள அக்கவுண்ட்ல வந்துதான் நிற்கும்.

மதுரையில, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம், வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆன பசங்க பழைய ஓம்னியோ ஈகோவோ வாங்குறாங்க. பின்னால ஒரு பலகை, அதுக்கு மேல மெத்தை. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிஞ்சதும் ராமேஸ்வரம், மேகமலை, கொடைக்கானல்னு கிளம்பிடலாம். ராத்திரி வண்டியிலேயே படுத்து எழுந்தா லாட்ஜ் வாடகை மிச்சம், விடியக்காலை அக்னி தீர்த்தத்துல குளிக்க முதல் ஆளா நிற்கலாம். கேரவன்னு சொன்னா நமக்கு ஷூட்டிங்ல ஹீரோ உட்கார்ந்திருக்கிற ஏசி பஸ்தான் ஞாபகம் வரும். ஆனா அழகர் ஆத்துல இறங்குறதைப் பார்க்க கூண்டு வண்டி கட்டிட்டு வந்து, வைகைக் கரையிலேயே சமைச்சுச் சாப்பிட்டுப் படுத்த நம்ம தாத்தாக்கள் அதுக்கும் முன்னாடியே கேரவன்காரங்கதான். அவங்களுக்கு ஒரு அரிக்கேன் விளக்கு போதும். நமக்கு ஒரு ஃபேன், ஒரு லைட், போனுக்கு ஒரு சார்ஜர், டேஷ்கேம் வேணும். மே மாசம் மதுரையில ஃபேன் இல்லாம வேனுக்குள்ள படுக்க முடியாது, அதுல விவாதமே இல்ல.

இந்த நாலு பொருளுக்கும் கரண்ட் எங்க இருந்து எடுக்கிறதுன்னு முடிவு பண்றதுலதான் பணம் மிச்சமாகுறதும் போறதும்.

முதல்ல ரெண்டு வழியை அடைச்சிடுவோம்

"இன்ஜினை ஓட விட்டு ஏசியைப் போட்டுத் தூங்கினா முடிஞ்சது, எதுக்கு வயரிங்?" இது முதல் யோசனை. வேண்டவே வேண்டாம். 2024 டிசம்பர்ல கேரளாவில் வடகரை பக்கம் ரோட்டோரம் நின்ற ஒரு கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஜெனரேட்டரை ஓட விட்டு ஏசியில படுத்திருந்தாங்க. ஜெனரேட்டர் புகையில இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிஞ்சதுதான் காரணம்னு விசாரணையில தெரிஞ்சது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, தூங்குறவனை எழுப்பாது. நிற்கிற வண்டியில இன்ஜின் ஓடினாலும் இதே ஆபத்து உண்டு.

ரெண்டாவது, வண்டிக்குள்ள ஒரு சின்ன கேஸ் ஸ்டவ். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை நம்ம மதுரை ரயில் நிலையம் பக்கத்துல நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிஞ்சு 9 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீங்க. லக்னோவுல இருந்து கோயில் கோயிலா வந்தவங்க. விதியை மீறி உள்ளே வெச்சிருந்த கேஸ் சிலிண்டர்தான் அதுக்குக் காரணம்னு ரயில்வே சொன்னது. வேன் அந்தப் பெட்டியை விட எவ்வளவு சின்னதுன்னு யோசிச்சுப் பாருங்க.

அப்போ எலக்ட்ரிக் கெட்டில்? வீட்டு கெட்டில் 1,500 வாட். இன்வெர்ட்டர் வழியா 12 வோல்ட்ல இருந்து அதை எடுக்கணும்னா 125 ஆம்பியருக்கும் மேல இழுக்கும். கை கட்டைவிரல் தடிமனுக்கு கேபிள் கேட்கும். டீயைக் கடையில குடிங்க. தூங்கா நகரத்துக்காரனுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு டீக்கடை எங்க இருக்குன்னு நான் சொல்லித் தர வேண்டியதில்ல.

ஆக, நாம போடப்போறது சின்ன லோடு மட்டும். 12 வோல்ட்ல ஓடுற ஃபேன், எல்.இ.டி., யூஎஸ்பி சார்ஜர், கேமரா. அவ்வளவுதான்.

எவ்வளவு இழுக்கும்?

வாட்டை வோல்ட்டால வகுத்தா ஆம்பியர். ஸ்கூல்ல படிச்சதுதான். 15 வாட் ஃபேன் 12 வோல்ட்ல 1.25 ஆம்பியர் இழுக்கும். 5 வாட் எல்.இ.டி. 0.4. டேஷ்கேமும் ஏறக்குறைய அதே 0.4. ரெண்டு போன் போடுற சார்ஜர் 30 வாட்னு வெச்சா, அதுவே சூடாகி வீணாக்குறதையும் சேர்த்து 3 ஆம்பியர். எல்லாத்தையும் ஒரே நேரத்துல போட்டா 5 ஆம்பியர்.

இப்ப ஒரு ராத்திரிக்குக் கணக்கு போடுவோம். ஃபேன் 8 மணி நேரம் ஓடினா 10 ஆம்பியர் ஹவர். லைட் 3 மணி நேரத்துக்கு 1.2. ரெண்டு போன் முழுசா ஏற 3.3. டேஷ்கேமை ராத்திரி முழுக்க விட்டா இன்னொரு 3.2. மொத்தம் 18-ஐ ஒட்டி வருது.

இந்த மாதிரி சின்ன வேன்ல இருக்கிற பேட்டரி சுமார் 35 ஆம்பியர் ஹவர். பாதி காலி. "பாதி மிச்சம் இருக்கேண்ணே"ன்னு சந்தோஷப்படாதீங்க. புது பேட்டரியா இருந்தா காலையில முக்கி முனகி செல்ஃப் எடுக்கும். ரெண்டு மூணு வருஷம் வெயில்ல நின்ற பேட்டரில 35 எங்க இருக்கும்? டப்பாவுல எழுதியிருக்கும், உள்ளே இருக்காது. மேகமலையில காலையில 6 மணிக்கு வண்டியைத் தள்ள ஆள் தேடணும்.

இன்னொரு விஷயம். வண்டி பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது ஒரு நொடி பெருசா கரண்ட் கொடுத்துட்டு உடனே திரும்பச் சார்ஜ் ஏறிக்கிற மாதிரி செஞ்ச பேட்டரி. ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கறந்தா அதோட ஆயுசு சீக்கிரம் முடியும். புதுசு மாற்ற நாலாயிரம், ஐயாயிரம் ஆகும். ஃபேன் காத்துக்கு அது ரொம்ப அதிக விலை.

டேஷ்கேமை பேட்டரில நேரடியா கொடுத்துட்டு, ஞாயித்துக்கிழமை ராத்திரி வண்டியை நிறுத்தி அடுத்த சனிக்கிழமை எடுக்கிறவங்களுக்கு: ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர் ஹவர் போகும். புதன்கிழமையே கதை முடிஞ்சிருக்கும்.

அதனால என் யோசனை ரெண்டு பங்கு

வண்டி ஓடும்போது எடுக்கிறது ஒரு பங்கு, நிற்கும்போது எடுக்கிறது இன்னொரு பங்கு. ரெண்டையும் கலக்காதீங்க.

ஓடும்போது வேண்டியது சார்ஜரும் கேமராவும். இதுக்கு வண்டி பேட்டரில இருந்து ஒரு தனி லைன், இக்னிஷன் சாவியைத் திருப்பினா மட்டும் உயிர் வர்ற மாதிரி. சாவியை எடுத்தா தானா ஆஃப். மறதிக்கு இடமே இல்ல.

ராத்திரி ஃபேனும் லைட்டும் அந்த லைன்ல பகல்ல சார்ஜ் ஏறின ஒரு பவர் பேங்க்ல ஓடட்டும். 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க்னா 74 வாட் ஹவர். நஷ்டம் போக 50-க்கு மேல கையில கிடைக்கும். 4 வாட் யூஎஸ்பி ஃபேன் 8 மணி நேரத்துக்கு 32. ஒரு சின்ன லைட்டுக்கும் மிச்சம் இருக்கு. மதுரையில இருந்து ராமேஸ்வரம் மூணு, மூணரை மணி நேர ஓட்டம். வேகமா ஏறுற பவர் பேங்கா இருந்தா போய்ச் சேர்றதுக்குள்ள பெரும்பாலும் நிறைஞ்சிடும். வண்டி பேட்டரியை ராத்திரி தொடவே இல்ல, காலையில செல்ஃப் எடுக்கும்.

பவர் பேங்கும் யூஎஸ்பி ஃபேனும் சேர்ந்து ஏறக்குறைய 2,800 ரூபாய். வீட்டுல கரண்ட் போனாலும் அதே ஃபேன் அம்மாவுக்கு உதவும்.

"எனக்குப் பெரிய ஃபேன்தான் வேணும், லேப்டாப்பும் ஓடணும்"னு சொல்றவங்க ரெண்டாவது பேட்டரிக்குப் போகணும். லித்தியம் பேட்டரி, அதை ஓட்டத்துல சார்ஜ் ஏற்ற ஒரு டிசி-டிசி சார்ஜர், வயரிங் கூலி எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். ஆல்டர்னேட்டர்ல இருந்து லித்தியம் பேட்டரிக்கு நேரா வயர் இழுத்துக் கொடுக்கிற ஆளுகிட்ட மட்டும் போகாதீங்க. அது இழுக்கிற இழுப்புல ஆல்டர்னேட்டர் சூடாகிக் கெடும்.

இந்த 24,000 தேவையான்னு எப்படி முடிவு பண்றது? வருஷத்துக்கு எத்தனை ராத்திரி வண்டியில படுக்கிறீங்கன்னு எண்ணுங்க. ஆசையை எண்ணாதீங்க, போன வருஷ காலண்டரைப் பாருங்க. 10 ராத்திரின்னா, 5 வருஷத்துல 50 ராத்திரி. ஒரு ராத்திரிக்கு 480 ரூபாய் ஆகுது. மேல சொன்ன பவர் பேங்க் வழியில, 2,700 ரூபாய் வயரிங், 2,800 ரூபாய் பொருள், 3 வருஷம்தான் வரும்னு வெச்சாலும் ராத்திரிக்கு 183 ரூபாய். வருஷத்துக்கு 30 ராத்திரி படுக்கிறவருக்கு ரெண்டாவது பேட்டரி 160 ரூபாய்க்கு இறங்கிடும், அவர் தாராளமா வாங்கலாம். நம்மள்ல முக்கால்வாசிப் பேர் அந்த ரகம் இல்லைங்கிறது என் கருத்து. கிரெடிட் கார்டுல வாங்கிட்டு மினிமம் டியூ மட்டும் கட்டினா, மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி. அப்புறம் லாட்ஜே மலிவு.

வண்டியில ஏற்கனவே 12 வோல்ட் சாக்கெட் இருந்து, உங்களுக்கு ஒரு சார்ஜர் மட்டும்தான் வேணும்னா வயரிங்கே வேண்டாம். சாக்கெட்டுக்கான பியூஸ் எத்தனை ஆம்பியர்னு பாருங்க, அதுக்குள்ள லோடு இருந்தா சொருகிட்டுப் போங்க. செலவு பூஜ்யம்.

இப்ப வயரிங்

இங்கதான் நிதானமாப் படிக்கணும். நீங்க கையால செய்யப் போறதில்ல, ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான் செய்யப் போறார். ஆனா என்ன கேட்கணும்னு தெரியாம போய் நின்னா அவர் கொடுக்கிறதுதான் கிடைக்கும்.

வீட்டு வயரிங்ல 230 வோல்ட், ஷாக் அடிக்கும், அதனால எல்லாருக்கும் பயம் இருக்கு. வண்டியில 12 வோல்ட், கையால தொட்டாலும் ஒண்ணும் ஆகாது. அதனாலேயே அலட்சியம். ஆனா அதே 60 வாட்டுக்கு வீட்டுல 0.26 ஆம்பியர் போனா, வண்டியில 5 ஆம்பியர் போகும், சுமார் 19 மடங்கு. வயரைச் சூடாக்குறது ஆம்பியர்தான். ப்ளஸ் வயர் எங்கேயாவது தோல் உரிஞ்சு பாடியில பட்டா, பேட்டரி நூறு ஆம்பியருக்கு மேல சாதாரணமாத் தள்ளும். மெல்லிசு வயர் சில நொடியில பழுத்துச் சிவக்கும். பக்கத்துல என்ன இருக்கு? சீட் ஸ்பாஞ்ச், தரை மேட், நீங்க போட்ட மெத்தை.

அதைத் தடுக்கத்தான் பியூஸ். பியூஸ் இருக்கிறது ஃபேனைக் காப்பாத்தன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது இருக்கிறது வயரைக் காப்பாத்த. அதனாலதான் அது பேட்டரி ப்ளஸ் பக்கத்துல, ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும். பியூஸுக்கு முன்னால இருக்கிற வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. அந்தத் துண்டு எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. பின்னால சுவிட்ச் பக்கத்துல பியூஸ் வெச்சுட்டு "போட்டாச்சு தம்பி"ன்னு சொன்னா, மூணு மீட்டர் வயர் அநாதையா ஓடுதுன்னு அர்த்தம்.

நம்ம லோடு 5 ஆம்பியர். 7.5 ஆம்பியர் பியூஸ் சரி. பிளேடு பியூஸ்ல அது பிரவுன் கலர். 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. பெட்டியைத் திறந்து பார்த்தா கலரை வெச்சே கண்டுபிடிச்சிடலாம். உங்க புது லைன்ல பச்சை சொருகியிருந்தா கேளுங்க. பியூஸ் போச்சுன்னா என்ன காரணம்னு தேடணும். பெரிய பியூஸ் சொருகுறது, சிகரெட் பாக்கெட் ஈயத்தாளைச் சுத்தி வைக்கிறது, வயர்ல ஒரு இழையை உருவிக் கட்டுறது, இதெல்லாம் நம்ம ஊர்ல நடக்கிறதுதான். அன்னையில இருந்து வயரே பியூஸ்.

வயர் 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு. பேட்டரில இருந்து பின்பக்கம் 4 மீட்டர்னா போக வர 8 மீட்டர். 5 ஆம்பியர்ல அரை வோல்ட்டுக்கும் கொஞ்சம் குறைவாத்தான் வழியில போகும். அதுவே 0.5 ஸ்கொயர் எம்.எம். மெல்லிசு வயர்னா 1.4 வோல்ட் வழியிலேயே போயிடும். போன் சார்ஜ் ஏறாம நகரும், "சார்ஜர் சரியில்ல"ன்னு நீங்க இன்னொரு சார்ஜர் வாங்குவீங்க. போன வோல்ட் எங்கேயும் மறையல, வயருக்குள்ள சூடா உட்கார்ந்திருக்கு. விலை வித்தியாசம்? மொத்த வேலைக்கும் நூறு, நூத்தம்பது ரூபாய்.

அடுத்தது ரிலே. இக்னிஷன் வயர்லேயே லோடைக் கொடுத்தா அந்தச் சாவி சுவிட்ச் தாங்காது. ரிலே போட்டா சாவியில இருந்து துளிக் கரண்ட் மட்டும் எடுத்து, பெரிய கரண்ட்டைப் பேட்டரில இருந்து நேரா திறந்து விடும். அடியில நம்பர் பொறிச்சிருக்கும். 30-க்குப் பேட்டரில இருந்து பியூஸ் வழியா வர்ற லைன், 87-ல இருந்து லோடுக்கு, 86-க்கு இக்னிஷன், 85 எர்த்.

அந்த இக்னிஷன் சிக்னலை எங்க எடுக்கிறது? கம்பெனி வயரை பிளேடால சீவி, முறுக்கி, டேப் சுத்துறது வழக்கம். நம்ம ஊர் வெயில்ல நிறுத்தின வண்டிக்குள்ள அந்த டேப் பசை உருகி, ரெண்டு கோடைக்குள்ள பிரிஞ்சு தொங்கும். பியூஸ் டேப்னு ஒரு சின்னப் பொருள் கிடைக்கும். பியூஸ் பெட்டியில இருக்கிற பியூஸைக் கழற்றி, அந்த இடத்துல இதைச் சொருகினா பழைய லைனுக்கு ஒரு பியூஸ், புது லைனுக்கு ஒரு பியூஸ். ஒரு வயரையும் வெட்ட வேண்டாம். நாளைக்கு வண்டியை விற்கும்போது உருவிட்டா பழையபடி ஆயிடும். வாரண்டி முடியாத வண்டின்னா இது கட்டாயம். வெட்டின வயரைப் பார்த்த சர்வீஸ் சென்டர், எலக்ட்ரிக்கல் வாரண்டியைத் தர யோசிக்கும்.

ஜாயின்ட் எல்லாம் லக் வெச்சு கிரிம்ப் அடிச்சு, மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். வயர் முழுக்க வரிவரியான பிளாஸ்டிக் குழாய்க்குள்ள போகணும். தகரத்துல ஓட்டை வழியா வயர் போற இடத்துல ரப்பர் வளையம். இது அதிர்வுக்கு மட்டும் இல்ல, எலிக்கும்தான். வயக்காட்டுப் பக்கம் வண்டி நிறுத்துறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, குழாய் எலியை முழுசா நிறுத்தாது, ஆனா நேரம் எடுக்க வைக்கும். எல்பிஜி கிட் இருக்கிற வண்டின்னா அந்தக் குழாய்க்கும் டேங்குக்கும் பக்கத்துல லைன் போகவே கூடாது.

கடையில பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும். "அண்ணே, பியூஸ் பேட்டரி கிட்டயே வைப்பீங்கள்ல?" "எதுக்கு தம்பி, சின்ன லோடுதானே. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. 1,200 கொடு, முடிச்சுத் தர்றேன்." கோபப்படாதீங்க. அவர் ஏமாத்தல, நூறு வண்டிக்கு அப்படித்தான் செஞ்சிருக்கார், தொண்ணூத்தொன்பது நல்லாத்தான் ஓடுது. "பரவாயில்லண்ணே, பொருள் நான் வாங்கிட்டு வர்றேன், கூலி சேர்த்துக் கொடுக்கிறேன், நான் சொல்ற மாதிரி போட்டுக் கொடுங்க"ன்னு சொல்லுங்க.

சரியா செஞ்சா ஏறக்குறைய ஆகுற செலவு: சிவப்பு, கறுப்பு வயர் 300, ஹோல்டரோட பியூஸ் 150, ரிலே 250, குழாய், லக், ஸ்லீவ் எல்லாம் 200, நல்ல யூஎஸ்பி சாக்கெட் 700, உள்ளே ஒரு எல்.இ.டி. 300, கூலி 800. மொத்தம் 2,700 ரூபாய். 1,200-க்கு முடிக்கிறவர் எதை விட்டிருப்பார்னு இந்தக் கணக்குலேயே தெரியும். பியூஸ், ரிலே, குழாய் மூணும் சேர்த்து 600 ரூபாய். கண்ணுக்குத் தெரியாத மூணு பொருள்.

அந்த 600-க்கு எதிரா என்ன நிற்குது?

ஒருத்தர் 3 லட்சத்துக்குப் பழைய ஈகோ வாங்குறார்னு வெச்சுக்குங்க. பர்சனல் லோன், 14 சதவீதம், 4 வருஷம். மாசம் சுமார் 8,200 ரூபாய் இ.எம்.ஐ. ஒரு வருஷம் ஒழுங்காக் கட்டியிருக்கார். இன்னும் பாக்கி அசல் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம். அன்னைக்கு வண்டி எரிஞ்சா? லோன் எரியாது. அடுத்த 36 மாசம், 5-ஆம் தேதி ஆனா இல்லாத வண்டிக்கு 8,200 கழியும்.

வண்டி லோனா இருந்தா பேங்க்காரங்களே முழு இன்சூரன்ஸ் போட வைப்பாங்க. பர்சனல் லோன்ல பழைய வண்டி வாங்குறவங்களை யாரும் கேட்கிறதில்ல. சட்டத்துக்குத் தேர்ட் பார்ட்டி போதும்னு அதை மட்டும் போட்டுட்டு விட்டுடுறாங்க. தேர்ட் பார்ட்டி பாலிசி, உங்க வண்டி எரிஞ்சதுக்கு ஒரு ரூபாய் தராது. கடன்ல வாங்கின வண்டிக்கு, கடன் முடியுற வரைக்குமாவது ஓன் டேமேஜ் சேர்த்துப் போடுங்க. 5 வருஷத்துக்கு மேல ஆன வண்டிக்கு ஐ.டி.வி. எவ்வளவுன்னு நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்றதுதான், அதனால பிரீமியம் குறையணும்னு ஐ.டி.வி.யை ஒரேயடியா இறக்காதீங்க.

ஓன் டேமேஜ் பாலிசியில தீ, தானா தீப்பிடிக்கிறது ரெண்டும் கவர் ஆகும். "எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன்" ஆகாது. வயர் கெட்டுச்சு, சாக்கெட் போச்சுன்னு கிளெய்ம் கேட்க முடியாது. தீ விபத்துல சர்வேயர் வந்து தீ எங்க ஆரம்பிச்சதுன்னுதான் முதல்ல பார்ப்பார். அங்க பியூஸ் இல்லாத, பாலிசியில சொல்லப்படாத ஒரு வயர் இருந்தா, வாக்குவாதத்துக்கு நீங்களே கம்பெனிக்குக் காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி.

இதுக்கு ஒரு எளிய வழி இருக்கு, ஆனா யாரும் கேட்கிறதில்ல. வண்டி கம்பெனி கொடுத்த விலையில சேராத எலக்ட்ரிக்கல் பொருள்களைப் பாலிசியில தனியாச் சேர்க்க ஐ.எம்.டி. 24-ன்னு ஒரு எண்டார்ஸ்மென்ட் உண்டு. பழைய மோட்டார் டாரிஃப்ல அதுக்குப் பொருள் விலையில 4 சதவீதம். 3,000 ரூபாய் பொருளுக்கு 120 ரூபாய். இப்ப ஓன் டேமேஜ் ரேட்டைக் கம்பெனிகளே முடிவு பண்றதால உங்க பாலிசியில எவ்வளவுன்னு கேட்டுக்குங்க. 3,000 ரூபாய் பொருள் திரும்பக் கிடைக்குதுங்கிறது சின்ன லாபம். "இந்த வண்டியில இது பொருத்தியிருக்கு, நான் சொல்லியிருக்கேன்"ங்கிறது பாலிசியிலேயே எழுத்துல இருக்கிறது பெரிய லாபம். ரெண்டாவது பேட்டரி போடுறவங்க இதைத் தவறவே விடாதீங்க.

ஆர்.சி. பக்கம் ஒரு வார்த்தை. சார்ஜர், லைட் சேர்க்கிறதால ஆர்.சி.யில இருக்கிற எந்த விவரமும் மாறாது. சீட்டைக் கழற்றிட்டுக் கட்டிலை வெல்டு வெச்சா மாறும், சீட் எண்ணிக்கை ஆர்.சி.யிலேயே இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு அதைத் தடுக்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும், கம்பெனி கொடுத்து ஆர்.சி.யில பதிவான விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாசம் வரை சிறையோ, ரெண்டுமோ விதிக்கலாம். நிஜ கேரவனுக்குன்னு ஏ.ஐ.எஸ். 124-ன்னு தனித் தரவிதியே இருக்கு. அதனால பலகை கழற்றிப் போடுற பலகையாவே இருக்கட்டும். அதுக்கு மேல ஏதாவது செய்யணும்னா முதல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ், அப்புறம் வெல்டிங் பட்டறை.

வேலை முடிஞ்ச அன்னைக்கு

கடையை விட்டு உடனே கிளம்பாதீங்க. சாவியை எடுத்ததும் சார்ஜர் லைட் அணையுதான்னு பாருங்க. பியூஸை உருவினா மொத்த லைனும் சாகணும், ஏதாவது ஒண்ணு எரிஞ்சுட்டே இருந்தா அது வேற எங்கேயோ இருந்து கரண்ட் எடுக்குது, அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. எல்லாத்தையும் போட்டு அரை மணி நேரம் ஓட விட்டு, வயர், ஜாயின்ட், பியூஸ் ஹோல்டர் மூணையும் கையால தொட்டுப் பாருங்க. இளஞ்சூடு பரவாயில்ல, கையை எடுக்க வெச்சா ஜாயின்ட் சரியில்ல.

வீட்டு வாசல்லயே ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க. காலையில மல்டிமீட்டர்ல வண்டி பேட்டரியை அளந்தா 12.5, 12.6 வோல்ட்ல நிற்கணும். 12.2-னா பாதி காலின்னு அர்த்தம். எங்கேயோ கசியுது, இல்லன்னா பேட்டரிக்கே வயசாயிடுச்சு. கொடைக்கானல்ல தெரியறதை விட வில்லாபுரத்துல தெரியறது நல்லது.

300 ரூபாய் வயருக்கும் பில் கேளுங்க. பேட்டரி, பியூஸ், ரிலே தெரியுற மாதிரி நாலு போட்டோ எடுத்து, பில்லோட சேர்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு, எண்டார்ஸ்மென்ட் வேணும்னு எழுதுங்க. பதில் வந்ததும் அதையும் ஆர்.சி., பாலிசி இருக்கிற அதே ஃபோல்டர்ல போட்டு வைங்க. டேஷ்போர்டு பெட்டியில அரை டஜன் பிரவுன் பியூஸும் கிடக்கட்டும், ஒண்ணு ஏழெட்டு ரூபாய்தான்.